உட்கார்ந்து இறக்கிய கிணறு

வடிவேலு விட்ட அறையில் தேவானையின் காதில் கிடந்த பித்தளைத் தோடு தெறித்து அடுப்புச் சாம்பலில் போய் விழுந்தது. அவள் அழவில்லை. குனிந்து சாம்பலைக் கிளறித் தோட்டை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். திருகாணியைக் காணோம். அதைத் தேடிக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கேட்டாள்.

"பெஞ்சுல குந்த வெச்சாங்கன்னு கெணத்தத் தூக்கிக் குடுத்துட்டு வந்துட்டியா?"

இரண்டாவது அறை விழுந்தது. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது அடுத்த குடிசையிலிருந்து முத்தம்மா ஓடிவந்து நடுவில் நின்றாள். முத்தம்மா அவனுடைய தங்கை. வயிற்றில் பிள்ளை. புருஷன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டான். அண்ணனும் அண்ணியும்தான் அவளுக்கு நிழல். தங்கையின் வயிற்றைப் பார்த்து வடிவேலு கையை இறக்கினான். சட்டையைக் கழற்றி, கசங்காமல் ஆணியில் மாட்டினான். அந்தச் சட்டை அன்றைக்குத்தான் முதல் தடவையாக மேட்டுத் தெருக்காரர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்திருந்தது.

மாம்பலம் ஏரியை வடித்து மனை போட்டு, வரிசையாகப் பங்களாக்கள் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பங்களாக்களுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் பழைய ஏரிக்கரையின் பள்ளத்தில் குடிசை போட்டிருந்தார்கள். பள்ளத்துக்கு மேலே மேட்டுத் தெரு. அங்கே மேஸ்திரிகளும் சூளைக்காரர்களும் மாடு கன்று வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். மேட்டுத் தெருக் கிணறுகளில் வருவது உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். அந்தச் சவர்த் தண்ணீருக்கே பள்ளத்துப் பெண்கள் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, யாராவது மனம் வந்து எட்ட நின்று ஊற்றுகிற வரைக்கும் காத்துக் கிடக்கவேண்டும். குடிப்பதற்கு ஏரிப் படுகையில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டார்கள். வெயில் காலத்தில் அந்த ஊற்றுக்கு நாய்களும் வரும். முதலில் வந்தவர்கள் நாயை அடித்து விரட்டினார்கள்; பிந்தி வந்தவர்கள் நாய் குடித்த மிச்சத்தை மொண்டார்கள்.

அங்கேதான் மயிலாப்பூரிலிருந்து தீண்டாமையை ஒழிக்க ஒரு சங்கம் வந்து இறங்கியது. சங்கத்துக்குத் தலைவர் வக்கீல் ராஜகோபாலன். கதர் கட்டியவர். மெதுவாகப் பேசுவார். பெரிய மனிதர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வந்து ஏழைகளுக்கு எதையோ செய்துவிட்டுப் போகிற வழக்கத்தைத் தாம் ஒப்பவில்லை என்றார். ஊராருடைய யோசனை, ஊராருடைய உழைப்பு. சங்கம் சாமான் மட்டும் தரும். என்ன வேண்டும் என்று கேட்டபோது பள்ளத்து ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்னால் நின்ற பெண்கள் தண்ணி என்றார்கள். அதோடு பெண்களின் பேச்சு முடிந்தது. கமிட்டிக்கு ஆண்களைப் பொறுக்கினார்கள். சட்டை வைத்திருந்ததாலும் நாலு வார்த்தை தடுமாறாமல் பேசுவான் என்பதாலும் வடிவேலு அதற்குத் தலைவனானான்.

கூட்டத்துக்குப் போகுமுன் தேவானை அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். பள்ளத்துக்கு நடுவே பூவரச மரத்தடியில் தோண்டச் சொல். அங்கே தோண்டினால் கிணறு நம்முடையது. மேட்டுக்காரன் ஒருத்தனும் நம் குடிசைகளுக்குள் நுழைந்து தண்ணீர் சேந்தமாட்டான். ஓரத்தில் தோண்டினால், நல்ல தண்ணீர் வந்த மறுநாளே அது அவனுடையதாகிவிடும்.

அவனும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் போனான். ஆனால் மேட்டுத் தெருப் பள்ளிக்கூட வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருந்தது. அந்தப் பெஞ்சின் ஒரு முனையில் துரைராஜ் மேஸ்திரி உட்கார்ந்திருந்தான். பள்ளத்தில் பாதிப் பேருக்கு வேலை கொடுப்பவன் அவன்தான். அவன் எதிரில் இதுவரை எவனும் துண்டைத் தோளில் போட்டு நின்றதில்லை. வக்கீல் வடிவேலுவின் கையைப் பிடித்து இழுத்து அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார வைத்தார். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில், எல்லைக்கல் பக்கத்தில் தோண்டினால் இரண்டு தெருவும் ஒன்றாகத் தண்ணீர் சேந்தும், தீண்டாமை தானாகச் செத்துப்போகும் என்று அவர் சொன்னார். ஊரார் யோசனை என்ன என்று கேட்டார். துரைராஜ் திரும்பி, "இன்னா வடிவேலு, சர்தானே?" என்றான். பின்னால் ஒரு 'டா' இல்லாமல் மேஸ்திரி தன் பேரைச் சொல்லி வடிவேலு அதற்குமுன் கேட்டதில்லை. பூவரச மரம் அவன் நினைவிலிருந்து போய்விட்டது.

தோண்டுவதற்குச் சங்கம் வளையம் வளையமான சிமெண்டு உறைகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கியது. ஏரிமண் பொலபொலப்பானது, வெறுங்குழி நிற்காது, சரிந்துவிடும். அதனால் உறையைத் தரையில் வைத்து, உள்ளே ஒரு ஆள் இறங்கி அடிமண்ணை வாரிக் கொடுக்க, மேலே ஆட்கள் ஏறி உட்காரவேண்டும். உட்கார்ந்தவர்களின் கனத்தில் உறை அரைச் சாண், ஒரு சாண் என்று கீழே போகும். அது இறங்கியதும் அதன்மேல் இன்னொன்று. பகலில் ஆண்களுக்கு மேஸ்திரியிடம் வேலை. ஆகவே உறையின் மேல் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வட்டமாக, முதுகைக் கிணற்றுக்குக் காட்டி, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அண்ணி குந்தினா ஒரே முட்டா தண்ணிக்கே போய்டும்" என்றாள் முத்தம்மா.

"ஆமாடி, நீ ரெண்டாளு கனம். உன் புள்ளையுந்தான் இப்பவே வேல செய்யுது" என்றாள் தேவானை. எல்லோரும் சிரித்ததில் உறை ஒரு குலுங்கு குலுங்கிக் கீழே போனது. உள்ளே மண் வாரிக்கொண்டிருந்தவன் பயந்துபோய்க் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான்.

மேட்டுத் தெருவார் வேலியோரம் நின்று பார்த்தார்கள். ஒரு கூடை மண் தூக்கவில்லை. அவர்களுடைய ஒத்துழைப்புக்கு வக்கீல் நன்றி சொன்னார்.

தண்ணீர் வந்தது. தேவானை முதல் கை அள்ளி வாயில் விட்டுக்கொண்டு, அப்படியே கண்ணை மூடினாள். சர்க்கரையாக இருந்தது. அதுதான் பிடித்த கேடு. உப்பாக இருந்திருந்தால் விட்டிருப்பார்கள்.

திறப்பு விழாவில் துரைராஜ் பெண்டாட்டி ஒரு வாளி சேந்தினாள். அடுத்த வாளி தேவானை சேந்தினாள். மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். மறுநாள் விடிந்தபோது உறையின் மேல்விளிம்பில் மஞ்சள் தண்ணீர் காய்ந்து கிடந்தது. பழைய கயிறு போய்ப் புதுக் கயிறு தொங்கியது. துரைராஜ் கமிட்டியைக் கூப்பிட்டான். மறுபடி பெஞ்சு போட்டார்கள். பொம்பளைகள் இடித்துக்கொண்டு நிற்கவேண்டாம், ஆளுக்கொரு கயிறு இருக்கட்டும் என்றான். வடிவேலு தலையாட்டினான். கொஞ்ச நாள் கழித்து மறுபடி பெஞ்சு. காலையில் மேட்டுத் தெரு, வெயில் ஏறினால் பள்ளம் என்றான். வடிவேலு தலையாட்டினான். அப்புறம் ஒரு நாள், இத்தனை பேர் சேந்தினால் தண்ணீர் கலங்குகிறது, ஒரு ஆளைப் போட்டு ஊற்றச் சொல்லலாம் என்றான். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தான். எந்தத் தடவையும் அவனைத் தரையில் உட்கார வைக்கவில்லை. அதை மட்டும் வீட்டில் வந்து மறக்காமல் சொன்னான்.

கடைசியில் பள்ளத்துப் பெண்கள் பழையபடி குடத்தைத் தரையில் வைத்துவிட்டு எட்ட நின்றார்கள். முன்பு சவர்த் தண்ணீருக்கு நின்றது. இப்போது தாங்கள் இறக்கிய கிணற்றுக்கே நின்றார்கள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் முத்தம்மா குடத்தோடு போனாள். ஊற்றுகிற ஆள் இல்லை. நின்று பார்த்தாள். இடுப்பு வலித்தது. கிணற்றடியில் ஈ காக்கை இல்லை. போய் வாளியை விட்டுச் சேந்திக் குடத்தில் ஊற்றினாள். இரண்டாவது வாளி மேலே வரும்போது துரைராஜ் வந்துவிட்டான். அவள் கையிலிருந்த இரும்பு வாளியைப் பிடுங்கித் தண்ணீரோடு அவள் இடுப்பில் வீசினான். அவள் உறை விளிம்பில் வயிறு அடிபட விழுந்து, அங்கிருந்து தரையில் புரண்டாள். "யார் வூட்டு வாளிடி, பொறுக்கி நாயே" என்று சொல்லிக்கொண்டே மிதித்தான். குடத்தையும் மிதித்து நசுக்கினான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த தேவானை அவனைத் தள்ளிப் பார்த்தாள், முடியவில்லை. அவன் கையைப் பற்றிக் கடித்தாள். எலும்பு தட்டுகிற வரைக்கும் கடித்தாள். மேட்டுத் தெரு ஆட்கள் வந்து முடியைப் பிடித்து இழுத்த பிறகுதான் வாய் திறந்தது. அவர்கள் அவளை எல்லைக்கல் வரைக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள்.

அன்று பொழுது சாய்வதற்குள் முத்தம்மாவின் பிள்ளை செத்து வெளியே வந்தது. ஆண் பிள்ளை. பாய் முழுதும் ரத்தம். கழுவுவதற்குக் குடிசையில் தண்ணீர் இல்லை. தேவானை சட்டியை எடுத்துக்கொண்டு ஏரி ஊற்றுக்கு ஓடினாள். ஊற்றில் நாய் ஒன்று குடித்துக்கொண்டிருந்தது. அது குடித்து முடிக்கும்வரை பொறுக்காமல் அதன் மூக்குக்குப் பக்கத்திலேயே சட்டியைவிட்டு மொண்டாள்.

வடிவேலு வேலையிலிருந்து வந்து, துணி சுற்றி வைத்திருந்ததைப் பார்த்தான். வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வக்கீல் ஐயாவிடம் சொன்னால் அவர் விடமாட்டார் என்றான். பெஞ்சில் உட்கார வைத்தவர்மேல் அவனுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது.

மறுநாள் அவனும் தேவானையும் மயிலாப்பூருக்கு நடந்தார்கள். வக்கீல் வீட்டில் அவர்களுக்கு வாசல் வழி இல்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போகச் சொன்னார்கள். கக்கூஸ் வாருகிறவன் வந்துபோகிற சந்து. அங்கே நெடுநேரம் நின்றார்கள். வக்கீலின் மனைவி ஜெயலக்ஷ்மி கொல்லைக் கதவைத் திறந்து, வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று இரக்கப்பட்டாள். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். படியின் மேலே நின்றுகொண்டு, "கையைக் குவிச்சுக்கோம்மா, விடறேன்" என்றாள்.

தேவானை அந்தச் செம்பைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கையைக் குவிக்கவில்லை. வடிவேலு குவித்துக் குடித்தான். பாதித் தண்ணீர் முழங்கை வழியாக ஓடிச் சட்டையை நனைத்தது.

வக்கீல் வந்து எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் இரண்டு தடவை ஐயோ என்றார். மெய்யாகவே வருத்தப்பட்டார் என்றுதான் தோன்றியது. பிறகு பேசினார்.

"நான் என் இஷ்டத்துக்கு ஒண்ணும் பண்ணலையே, வடிவேலு. எல்லையிலே தோண்டலாம்னது உங்க கமிட்டி. ரெண்டு கயிறுக்குச் சரின்னது உங்க கமிட்டி. ஆள் வெச்சு ஊத்தறதுக்கும் நீதானே தலையாட்டினே? ஊரே கூடி எடுத்த முடிவுலே நான் எப்படிக் குறுக்கே வர்றது?"

"தண்ணி மொள்ற பொம்பளைங்கள யாரும் கேக்கலியே, சாமி" என்றாள் தேவானை.

வக்கீல் அவள் பக்கம் திரும்பி அன்பாகவே சொன்னார்: "கமிட்டியிலேதான் உன் ஆம்படையான் இருக்கானே."

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி கிணற்றைப் பார்க்க வருகிறார். அவருக்குத் திருப்தியானால் இதேபோல இன்னும் பல சேரிகளுக்குக் கிணறு கிடைக்கும். அதுவரைக்கும் ரகளை வேண்டாம். அதற்கப்புறம் மேஸ்திரியைக் கூப்பிட்டுத் தாமே கண்டிப்பதாகச் சொன்னார். எல்லோரும் குளித்துவிட்டுச் சுத்தமாக வந்து நிற்கவேண்டும் என்றும் சொன்னார். எந்தத் தண்ணீரில் குளிப்பது என்று அவர் சொல்லவில்லை.

திரும்பி வருகிற வழியில், குளத்தங்கரை தாண்டியதும், தேவானை கேட்டாள்: "இன்னும் எத்தினி வாட்டிய்யா தலையாட்டப் போற?"

நடுத்தெருவில், வண்டிக்காரர்கள் பார்க்க, அவன் அவள் வாயில் குத்தினான். அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு முன்னால் நடந்தாள். அதுதான் அவள் அவனிடம் கேட்ட கடைசிக் கேள்வி. அதற்குமேல் கேட்பதை விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குடிசை குடிசையாகப் போய்ப் பெண்களை எழுப்பினாள். எதற்கு என்று நீட்டி விளக்கவில்லை. உறையில் குந்தப் போகிறோம் என்றாள். அவர்களுக்குப் புரிந்தது. முத்தம்மாவால் நடக்க முடியவில்லை. நான் இல்லாமலா என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தேவானை அவளைத் தாங்கிக் கூட்டிப்போனாள்.

கிணற்றின் மேல் உறை தரைக்கு மேலே முழங்கால் உயரம் நின்றது. அதன் விளிம்பில், இறக்கியபோது உட்கார்ந்தது போலவே, முதுகைக் கிணற்றுக்குக் காட்டி வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி கைக்குள் ஒருத்தி கையைக் கோத்துக்கொண்டார்கள். வாளி விடுவதற்கு ஒரு விரற்கடை இடம் இல்லை.

தண்ணீர் எடுக்க வந்த மேட்டுத் தெருப் பெண்கள் குடத்தோடு திரும்பிப் போனார்கள். அவர்கள் போன சுருக்கில் துரைராஜ் வந்தான். கையில் கட்டு. பின்னால் மூங்கில் கழிகளோடு ஆட்கள்.

"எறங்குங்கடி."

யாரும் இறங்கவில்லை. நாளையிலிருந்து ஒருத்திக்கும் வேலை கிடையாது, ஒருத்தி புருஷனுக்கும் கிடையாது என்றான். அதற்கும் யாரும் அசையவில்லை. அடி விழ ஆரம்பித்தது. முழங்காலைப் பார்த்து அடித்தார்கள். ஹாஜிரா பீ என்று ஒருத்தி, பள்ளத்தின் கடைசிக் குடிசையில் இருந்தவள், சுண்ணாம்பு அரைத்துப் பிழைப்பவள். அவள் முழங்கை மளுக்கென்று முறிந்தது. முறிந்த கையைக்கூட அவள் கோத்த பிடியிலிருந்து உருவவில்லை. இரண்டு பேரைத் தலைமயிரைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டார்கள். இழுத்தவன் கையை விட்டதும் அவர்கள் தவழ்ந்து வந்து மறுபடி ஏறிக்கொண்டார்கள். தேவானையின் நெற்றி பிளந்து, ரத்தம் ஒரு கண்ணை மூடிவிட்டது. மற்றக் கண்ணால் துரைராஜையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கழியை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினான். அவள் சாய்ந்தாள். கை கோத்திருந்த முத்தம்மாவும் சாய்ந்தாள். வட்டமே கிணற்றின் பக்கம் ஒரு ஆட்டம் ஆடியது.

"தள்ளுய்யா" என்றாள் தேவானை. "எல்லாரும் சேந்துதான் வுழுவோம். அப்பாலிக்கா எங்க பொணம் ஊறின தண்ணியத்தான் உங்க தெரு குடிக்கணும்."

அவன் கை நின்றுவிட்டது. பெண்கள் செத்துப்போவார்களே என்று அவன் நிற்கவில்லை. தொட்டாலே தீட்டு என்று இத்தனை நாள் மஞ்சள் ஊற்றிக் கழுவிய கிணற்றில் பள்ளத்துப் பிணம் விழுந்தால், அப்புறம் எதை ஊற்றிக் கழுவுவது? எந்தத் தீட்டுக்காக அவர்களை அடித்தானோ அந்தத் தீட்டே அன்றைக்கு அவர்கள் உயிரைக் காப்பாற்றியது. துரைராஜ் தோளிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

அப்போதுதான் மோட்டார் வந்து நின்றது. வெள்ளைக்காரரும் வக்கீலும் இறங்கினார்கள். கழிகள் வேலிக்குப் பின்னால் போய்விட்டன. பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சைத் தூக்கிவந்து போட்டார்கள். வெள்ளைக்காரர் கிணற்றைப் பார்த்தார். கிணறு தெரியவில்லை, பெண்கள்தான் தெரிந்தார்கள். ஏதோ கேட்டார். வக்கீல் முகம் வெளுத்து, ஏனம்மா இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள், பெரியவர் வந்திருக்கிறார், எழுந்திருங்கள் என்றார்.

"இந்தக் கெணறு இன்னும் முழுசா எறங்கல சாமி" என்றாள் தேவானை. "எறங்கற மட்டும் நாங்க எழுந்துக்கறதா இல்ல."

வெள்ளைக்காரர் மறுபடி கேட்டார். வக்கீல் இங்கிலீஷில் எதையோ சொன்னார். அந்த மனிதர் ரத்தத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார். வந்த வேகத்தில் திரும்பிப் போய் ஏறிக்கொண்டார். வக்கீலும் பின்னாலேயே ஓடினார். ஏறுவதற்கு முன் துரைராஜிடம் அலுத்துக்கொண்டது தேவானையின் காதில் தெளிவாக விழுந்தது.

"என்ன சொல்லி என்ன பிரயோஜனம், மேஸ்திரி? இந்த ஜனங்களுக்கு ஒண்ணு சேர்ந்து ஒரு காரியம் பண்ணவே தெரியலை."

கோத்த கைகள் கோத்தபடியே இருந்தன.

வடிவேலு அத்தனை நேரமும் எல்லைக்கல் அருகே சட்டை போட்டுக்கொண்டு நின்றான். துரைராஜ் பெஞ்சில் உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டான். கமிட்டி பேசி இந்தப் பொம்பளைகளை எழுப்பட்டும் என்று, பக்கத்தில் பலகையைத் தட்டிக் காட்டினான். வடிவேலு பெஞ்சைப் பார்த்தான். முத்தம்மாவின் புடவையில் மறுபடி ரத்தம் கசிந்திருப்பதைப் பார்த்தான். மெதுவாக நடந்து கிணற்றடிக்கு வந்து தேவானையின் முன்னால் நின்றான். விளிம்பில் கொஞ்சம் இடம் கிடைக்குமா என்பது போல நின்றான்.

தேவானை நகரவில்லை. அவனுக்கென்று இடம் விடவும் இல்லை.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவன் அவள் காலடியில் வெறுமண்ணில் உட்கார்ந்தான்.